தகப்பன் போனாலும் பிள்ளைகள் ஓடும்: லினக்ஸில் ப்ராசஸ் கூட்டத்தை நிறுத்துவது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் தினசரி மல்லிகை விலை, ஆண்டுக்கு ஒரு கோப்பாக நான்கு கோப்புகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றைப் படித்துக் கணக்குப் போட மல்லி.எஸ்ஹெச் என்று ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது டெர்மினலில் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு எழுதிவைத்த கட்டளைக் கோப்பு. அது ஆண்டுக்கு ஒன்றாக நான்கு பைத்தான் ப்ராசஸ்களை, அதாவது ஓடும் நிரல்களை, பின்னணியில் கிளப்பிவிட்டு, நான்கும் முடியும்வரை காத்திருக்கும். அந்தப் பைத்தான் நிரலின் பெயர் விலை.பை. மதுரைக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில், சித்திரை வெயிலில், ஒரு மாணவர் இதை ஓட்டுகிறார். நிரலில் பிழை, முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு டெர்மினலைத் திறந்து ஸ்கிரிப்டின் எண்ணைக் கண்டுபிடித்து கில் கொடுக்கிறார். ஸ்கிரிப்ட் போய்விட்டது. கணினியின் காற்றாடி இரைச்சல் மட்டும் குறையவில்லை. ஓடுபவற்றைப் பட்டியலிடும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் நான்கு பைத்தானும் ஆளுக்கொரு கோரைப் பிடித்துக்கொண்டு நூறு சதவீதத்தில் ஓடுகின்றன.

லினக்ஸ் இங்கே எந்தத் தப்பும் செய்யவில்லை. கில் கட்டளைக்கு ஓர் எண் கொடுத்தால் அந்த ஓர் ஆளுக்குத்தான் சேதி போகும். கிளப்பிவிட்ட தகப்பன் செத்தால் பிள்ளைகளும் சாகவேண்டும் என்று லினக்ஸின் மையமான கர்னலில் சட்டம் கிடையாது. கூட்டத்தையே நிறுத்தவேண்டுமானால், அந்தக் கூட்டத்தை எது சேர்த்துக் கட்டியிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். குழு எண்ணா, பெயரா, பயனரா, டெர்மினலா, சர்வீஸா? கட்டைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டளை ஒரே வரிதான்.

கட்டளைகளை எப்படி வாயால் சொல்வோமோ அப்படியே தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறோம். எண்களும் குறிகளும் கண்ணில் படுவது போலவே.

ஒரு ப்ராசஸுக்கு நான்கு எண்

பிஎஸ் -இஓ பிஐடி,பிபிஐடி,பிஜிஐடி,எஸ்ஐடி,டிடிஒய்,ஸ்டாட்,சிஎம்டி

பிஐடி என்பது அந்த ப்ராசஸின் சொந்த எண். பிபிஐடி, அதைப் பெற்ற தகப்பனின் எண். பிஜிஐடி, அது சேர்ந்திருக்கும் குழுவின் எண். எஸ்ஐடி, செஷன் எண். பெரும்பாலும் நீங்கள் திறந்த டெர்மினலில் ஓடும் ஷெல்லின் எண்ணாக இருக்கும். மிச்சம் மூன்று பத்தியும் டெர்மினல், நிலை, கட்டளை வரி.

ஷெல்லில் ஒரு கட்டளையைக் கொடுத்ததும் ஷெல் அதற்கென்று ஒரு புதுக் குழுவை உண்டாக்குகிறது. அந்தக் குழுவின் முதல் ஆளின் பிஐடியே குழு எண். அந்த ஆள் பெறும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் தாமாகவே விலகிப் போனாலொழிய அதே குழு எண்ணோடுதான் பிறக்கிறார்கள். நம் மாணவரின் ஸ்கிரிப்ட் எண் 4310 என்றால், பைத்தான் நான்கும் 4311 முதல் 4314 வரை. ஐந்து பேருக்கும் பிஜிஐடி 4310.

தகப்பன் செத்ததும் இந்த நான்கில் மாறுவது ஒன்றே ஒன்று: பிபிஐடி. அனாதையான பிள்ளைகளை எண் 1 ப்ராசஸ், அல்லது டெஸ்க்டாப்பில் பயனருக்கென ஓடும் சிஸ்டம்டி (சேவைகளைக் கிளப்பி மேற்பார்க்கும் நிரல்), தத்து எடுத்துக்கொள்ளும். பிஜிஐடி மாறாது. பங்காளிகளில் மூத்தவர் போய்ச் சேர்ந்தாலும் குலதெய்வம் மாறுமா? அதேபோல்தான் இதுவும். 4310 என்ற ஆள் இப்போது இல்லை. ஆனாலும் 4310 என்ற குழு இருக்கிறது. குழுவில் ஒருவராவது மிஞ்சியிருக்கும்வரை அந்த எண்ணைக் கர்னல் வேறு புது ப்ராசஸுக்குக் கொடுக்காது. ஆகவே தகப்பனை அவசரப்பட்டு அனுப்பிவிட்ட பிறகும் வழி அடைபடுவதில்லை.

கில் கொல்வதில்லை

பெயர் அப்படி இருந்தாலும் கில் செய்வது சிக்னல் அனுப்புவது மட்டும். எதுவும் சொல்லாவிட்டால் அது அனுப்புவது 15ஆம் எண் சிக்னல், டெர்ம். ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரர் ‘கடையைச் சாத்துங்க’ என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. புரோட்டாக் கடைக்காரர் கல்லை அணைத்து, கல்லாவை எண்ணி, பெஞ்சை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டுச் சாத்துவார். நிரலும் அப்படித்தான்: திறந்த கோப்பை மூடும், தற்காலிகக் கோப்பை அழிக்கும், பிறகு வெளியேறும். காதில் வாங்காத நிரல்களும் உண்டு.

9ஆம் எண், அதாவது கில் சிக்னல், வேறு வகை. அது நிரலுக்கே தெரிவதில்லை. கர்னல் நேராக ஆளைத் தூக்கிவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் போவது போல. பூட்டுக் கோப்புகள் அப்படியே கிடக்கும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். உபுண்டுவில் மென்பொருள் நிறுவிக்கொண்டிருந்த டிபிகேஜியை 9 கொடுத்து நிறுத்தினால், அடுத்த முறை எதை நிறுவப் போனாலும், முதலில் டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ ஓட்டச் சொல்லி நிற்கும். முதலில் 15, ஐந்து பத்து விநாடி பொறுமை, அப்புறம்தான் 9. எடுத்த எடுப்பில் 9 அடிப்பது கெட்ட பழக்கம். ஆய்வகங்களில் அது தொற்றுநோய் மாதிரி பரவியும் இருக்கிறது.

அடிக்கடி தேவைப்படும் மற்றவை: 1 ஹப், டெர்மினல் மூடிவிட்டது என்ற சேதி, 2 இன்ட், கன்ட்ரோல் சி அழுத்தினால் போவது. முழுப் பட்டியலுக்கு கில் -எல்.

குழு எண்ணைப் பிடிப்பது

கில் கட்டளைக்குக் கொடுக்கும் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அது ஆளின் எண் இல்லை, குழுவின் எண்.

கில் -- -4310

நடுவில் உள்ள இரட்டைக் கோட்டை விட்டுவிட்டால், -4310 என்பதை கில் ஒரு சிக்னல் எண்ணாக நினைத்துக்கொண்டு பிழை சொல்லும். ‘இனி வருவது விருப்பக்குறி இல்லை’ என்று சொல்லத்தான் அந்த இரட்டைக் கோடு. சிக்னலையும் சேர்த்துச் சொல்வதானால் கில் -9 -- -4310.

அனுப்புவதற்கு முன் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நடை பார்த்துக்கொள்ளுங்கள்:

பிகிரெப் -ஏ -ஜி 4310

மல்லி.எஸ்ஹெச்சை வேறொரு பெரிய ஸ்கிரிப்ட் கூப்பிட்டிருந்தால், இரண்டுக்கும் ஒரே குழு எண்ணாக இருக்கும். ஸ்கிரிப்டுக்குள் ஓடும் ஷெல், வேலைக்கு ஒரு குழு என்று பிரிப்பதில்லை. அந்தப் பிரிவினை நீங்கள் நேரடியாகத் தட்டும் ஷெல்லில் மட்டும்தான். பார்க்காமல் அனுப்பினால் பெரிய ஸ்கிரிப்டும் சேர்ந்து போகும்.

ஒரே ஒரு எழுத்துப்பிழை இங்கே பெரிய ஆபத்து. -1 என்று கொடுத்தால் அது குழு எண் 1 இல்லை. ‘நான் சிக்னல் அனுப்ப உரிமையுள்ள எல்லாருக்கும்’ என்று பொருள். சாதாரணப் பயனராக கில் -9 -1 அடித்தால் உங்கள் டெஸ்க்டாப் மொத்தமும் போய் லாகின் திரை வரும். ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, அடித்தால் எண் 1 நீங்கலாக ஏறக்குறைய எல்லாமே போகும். 0 என்பதற்குத் தனிப் பொருள்: கட்டளை கொடுக்கும் ப்ராசஸின் சொந்தக் குழு. ஸ்கிரிப்டுக்குள் இது நல்ல கருவி. கடைசியில் அதற்கு வருகிறோம்.

பழகிப் பார்க்க பைத்தான்கூட வேண்டாம்.

ஸ்லீப் 1000 | ஸ்லீப் 1000 | ஸ்லீப் 1000 &

மூன்று ப்ராசஸ், ஒரே குழு. ஜாப்ஸ் என்று தட்டினால் [1] என்று காட்டும். கில் %1 கொடுத்தால் மூன்றும் போகும். சதவீதக் குறி போட்ட வேலை எண்ணுக்கு ஷெல் குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்புகிறது. கொடுப்பதற்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் மேலே சொன்ன பிஎஸ் வரியை ஓட்டி, பிஜிஐடி பத்தியைப் பாருங்கள். மூன்று பத்தி விளக்கத்தைவிட அது விளங்கும்.

கன்ட்ரோல் சி ஏன் ஏமாற்றுகிறது?

கன்ட்ரோல் சி அழுத்தினால் டெர்மினல், முன்னணியில் இருக்கும் குழு முழுவதற்கும் இன்ட் சிக்னல் அனுப்புகிறது. அப்படியானால் மல்லி.எஸ்ஹெச்சும் நான்கு பைத்தானும் சேர்ந்து நிற்கவேண்டும். ஆனால் ஸ்கிரிப்ட் நிற்கும், பைத்தான்கள் நிற்காது. ஆரம்பநிலைக்காரர் மட்டுமல்ல, பல வருடம் பழகியவர்களும் தலையைச் சொறியும் இடம் இது.

காரணம் ஒரு பழைய விதி. ஸ்கிரிப்டுக்குள் & போட்டுப் பின்னணியில் கிளப்பும் கட்டளைகளுக்கு ஷெல், ‘இன்ட் வந்தால் கண்டுகொள்ளாதே’ என்று சொல்லித்தான் அனுப்பும். பைத்தானும் தொடங்கும்போதே அப்படி ஒரு கட்டளை இருந்தால் அதை மாற்றாமல் விட்டுவிடும். சேதி வந்து சேர்கிறது, காதில்தான் பஞ்சு. டெர்ம் சிக்னலுக்கு அந்தப் பஞ்சு இல்லை. அதனால்தான் கன்ட்ரோல் சி தோற்ற இடத்தில் கில் -- -4310 ஜெயிக்கிறது.

பெயரைப் பிடிப்பது

குழு எண் தெரியாது, ஐந்தாறு டெர்மினலில் ஐந்தாறு தடவை ஓட்டியாயிற்று என்றால் பெயர்தான் வழி. இதற்கு பிகில். அதன் இரட்டைப் பிறவி பிகிரெப்; தேடுவது இரண்டுக்கும் ஒன்றே, பிகிரெப் காட்டும், பிகில் சிக்னல் அனுப்பும். முதலில் பிகிரெப் ஓட்டிப் பாருங்கள். பட்டியல் சரியென்றால் மேல் அம்பை அழுத்தி அதே வரியில் பிகிரெப்பை பிகில் என்று மாற்றுங்கள், -ஏ வை எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு படியைத் தாண்டிக் குதிப்பவர்தான் வம்பில் மாட்டுகிறார்.

பிகில் விலை என்று அடித்தால் நம் கதையில் ஒன்றும் நடக்காது. ஏனென்றால் கர்னல் வைத்திருக்கும் ப்ராசஸ் பெயர் விலை.பை இல்லை, பைத்தான்3. பிகில் பைத்தான்3 என்று அடித்தால் நான்கும் போகும். கூடவே பக்கத்தில் அதே பெயரில் ஓடும் ஜூபிட்டர் நோட்புக் வேலையும் போகும். நிர்வாகி உரிமை தரும் சுடோவைச் சேர்த்து அடித்தால், பைத்தான்3 என்ற பெயரில் ஓடும் கணினியின் சொந்தச் சேவைகளும் போகும். வேண்டியது முழுக் கட்டளை வரியையும் பார்க்கும் -எஃப்:

பிகிரெப் -ஏ -எஃப் 'பைத்தான்3 விலை.பை'

வெறும் விலை.பை என்று மட்டும் தேடினால் என்ன ஆகும்? அந்தக் கோப்பை விம்மிலோ நானோவிலோ திறந்து வைத்திருந்தால் அந்த எடிட்டரின் கட்டளை வரியிலும் அதே பெயர் இருக்கும். எடிட்டரும் பட்டியலில் சேரும். சேமிக்காமல் வைத்த மாற்றத்துக்கு உத்தரவாதம் இல்லை. இன்னொரு கண்ணி: நிறுத்துவதற்கென்றே விலை-நிறுத்து.எஸ்ஹெச் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதற்குள் பிகில் -எஃப் விலை என்று போடுவது. பிகில் தன்னைத்தானே விட்டுவைக்கும், தன்னை அழைத்த ஸ்கிரிப்டை விட்டுவைக்காது. பெயரில் விலை இருப்பதால் அந்த ஸ்கிரிப்டும் பாதியில் மாயும்.

-எஃப் இல்லாமல் தேடும்போது பெயர் 15 எழுத்துக்கு மேல் போகாது என்பதும் நினைவிருக்கட்டும். கர்னல் அவ்வளவுதான் வைத்துக்கொள்கிறது. க்னோம் சிஸ்டம் மானிட்டரின் கட்டளைப் பெயர் இடைக்கோடுகளோடு 20 எழுத்து; முழுப் பெயரையும் கொடுத்தால் ஓர் ஆளும் சிக்காது. அதோடு பிகில் பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலே போதும் என்று எடுத்துக்கொள்ளும். முழுசாகப் பொருந்தவேண்டுமென்றால் -எக்ஸ். கில்ஆல் இதற்கு நேர்மாறு, முழுப் பெயர் பொருந்தினால்தான் அனுப்பும். ஒவ்வொன்றாகக் கேட்டு அனுப்ப -ஐ, எல்லாம் செத்து முடியும்வரை காத்திருக்க -டபிள்யூ என்று அதற்கும் வசதிகள் உண்டு. ஆனால் சோலாரிஸ் போன்ற பழைய யுனிக்ஸில் கில்ஆல் என்றால் சொல்லுக்குச் சொல் எல்லாரையும் கொல் என்றுதான் பொருள். கை பழகிவிட்டால் ஆபத்து; பிகில் பழகிக்கொள்வதே மேல்.

தகப்பனைச் சொல்லிப் பிள்ளைகளைப் பிடிக்க பிகில் -பி 4310, இங்கே பி பெரிய எழுத்து. நேரடிப் பிள்ளைகள் மட்டும் சிக்குவார்கள், பேரப்பிள்ளைகள் இல்லை. அதனால் இது அரைக் கருவிதான்.

பயனர், டெர்மினல், போர்ட்

ஆய்வகத்தில் ஒரு மாணவர் லாக்அவுட் ஆகிப் போய்விட்டார், அவருடைய பின்னணி வேலைகள் ஓடுகின்றன என்றால்: சுடோ பிகில் -யு, பிறகு அவருடைய பயனர் பெயர். சுடோ எதற்கென்றால் மற்றவர் ப்ராசஸுக்குச் சிக்னல் அனுப்ப உங்களுக்கு உரிமை கிடையாது. உங்கள் பெயரையே கொடுத்தால் உங்கள் டெஸ்க்டாப்பும் சேர்ந்து போகும்.

தொங்கிப்போன டெர்மினல் என்றால் பிகில் -டி பிடிஎஸ்/3, இங்கே -டி என்பது டெர்மினல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. எந்த எண் என்று பிஎஸ் காட்டிய டிடிஒய் பத்தியில் இருக்கும். இதைக் கொடுத்தபிறகும் அந்த டெர்மினலின் ஷெல்லான பாஷ் மட்டும் உட்கார்ந்திருக்கும். ஆளோடு பேசும் பாஷ், டெர்ம் சிக்னலை மதிப்பதில்லை. அதற்கு பிகில் -ஹப் -டி பிடிஎஸ்/3 என்று, ஹப் பெரிய எழுத்தில்.

8000ஆம் போர்ட்டை (நெட்வொர்க் வாசல் எண்ணை) யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்றால் எஃப்யூசர் -கே 8000/டிசிபி. இது நேராக 9 அனுப்பும் என்பதால், முதலில் -கே இல்லாமல் -வி போட்டு ஆளைப் பார்த்துவிடுங்கள். இதே எஃப்யூசரில் -கேஎம் கொடுத்து, பென்டிரைவைப் பயன்படுத்தும் எல்லாரையும் விரட்டலாம் என்று பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். பென்டிரைவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் அந்த அடைவு முதன்மை டிஸ்கின் பகுதி; டிஸ்கைப் பயன்படுத்தும் எல்லாரும் என்றால் கணினி முழுக்கத்தான். பெரிய எழுத்து எம்மையும் சேர்த்துப் போட்டால், உண்மையில் மவுண்ட் ஆன, அதாவது பென்டிரைவ் இணைந்த, இடமாக இருந்தால் மட்டுமே வேலை நடக்கும். அதைப் போடாமல் இந்தக் கட்டளையைத் தொடவேண்டாம்.

வெட்ட வெட்ட முளைப்பவை

இணையப் பக்கங்களைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ் போன்ற சர்வீஸ்களை பிகில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: சில, சில விநாடிகளில் திரும்ப வந்து நிற்கும். சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று மேலூர், திருமங்கலம் பக்கத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை, தூரோடு பிடுங்கவேண்டும். இங்கே தூர், சிஸ்டம்டி. சர்வீஸ் ‘தோற்றுப்போனால் மறுபடி கிளப்பு’ என்று அமைந்திருந்தால், டெர்ம் வாங்கிச் சாவதை அது ஒழுங்கான முடிவு என்று எடுத்துக்கொள்ளும். 9 வாங்கிச் சாவதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி கிளப்பும். அதாவது முரட்டு அடி அடித்தால்தான் அதிகம் முளைக்கும்.

சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் என்ஜின்எக்ஸ்

சிஸ்டம்டி ஒவ்வொரு சர்வீஸையும் ஒரு சிகுரூப்பில், அதாவது ப்ராசஸ்களைச் சேர்த்து அடைக்கும் கர்னல் பெட்டியில், அடைத்து வைத்திருக்கிறது. 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24இல் சேர்ந்த வசதி இது. குழு எண்ணிலிருந்து செட்எஸ்ஐடி கட்டளை மூலம் ஒரு ப்ராசஸ் தானே விலகிப் போகலாம். பின்னணிச் சேவைகள் பெரும்பாலும் அப்படித்தான் தனிக்குடித்தனம் போகின்றன. சிகுரூப்பிலிருந்து அப்படிச் சும்மா விலக முடியாது. ஸ்டாப் கொடுத்தால், சர்வீஸ் வேறு மாதிரி அமைந்திராவிட்டால், உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் டெர்ம் போகும். இயல்பாக 90 விநாடி காத்திருந்து மிச்சமிருப்பவர்களுக்கு 9 போகும். சில வெளியீடுகள் அந்த நேரத்தைக் குறைத்திருக்கும்.

உங்கள் சொந்த ஸ்கிரிப்டையும் தொடக்கத்திலேயே இப்படிப் பெட்டிக்குள் ஓட்டலாம்:

சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் --யூனிட்=மல்லி ./மல்லி.எஸ்ஹெச்

நிறுத்த: சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டாப் மல்லி.ஸ்கோப். எத்தனை பேரப்பிள்ளை பிறந்திருந்தாலும், எவர் குழு மாறியிருந்தாலும் தப்ப முடியாது. பெரிய வேலைகளுக்கு இதுதான் எங்கள் பரிந்துரை.

9க்கும் அசையாதவை

ஸ்டாட் பத்தியில் இசட் என்று இருந்தால் அது ஏற்கெனவே செத்த ப்ராசஸ். தகப்பன் வந்து சாவுக் கணக்கை வாங்கிக்கொள்ளாததால் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது. செத்ததைக் கொல்ல முடியாது. தகப்பனை நிறுத்தினால் எண் 1 வந்து கணக்கை முடிக்கும். டி என்று இருந்தால் டிஸ்க்குக்கோ, நெட்வொர்க் கோப்புக்கோ காத்து உறைந்திருக்கிறது. பழுதான பென்டிரைவில் நகல் எடுக்கும்போது இது சகஜம். 9 வரிசையில் நிற்கும், அந்தக் காத்திருப்பு முடிந்தால்தான் விழும். பென்டிரைவைப் பிடுங்கினால் பல சமயம் விடுபடும். இன்னொரு டி உண்டு, அது கன்ட்ரோல் இசட் வாங்கித் தூங்குவது. இங்கே டி என்பது ஆங்கில அகரவரிசையின் 20ஆம் எழுத்து, முன்னது 4ஆம் எழுத்து; இரண்டும் பெரிய எழுத்தில்தான் இருக்கும். தூங்குபவருக்கு அனுப்பிய டெர்ம், கில் -கான்ட் கொடுத்து எழுப்பும்வரை நிலுவையில் கிடக்கும்.

ஸ்கிரிப்டிலேயே ஏற்பாடு

மல்லி.எஸ்ஹெச்சை இனிமேலும் ஓட்டப்போகிறோம் என்றால், முதல் வரிக்கு அடுத்து இந்த ஒரு வரி:

ட்ராப் 'ட்ராப் - டெர்ம்; கில் 0' இன்ட் டெர்ம்

டெர்ம், இன்ட் இரண்டும் பெரிய எழுத்தில். ஸ்கிரிப்டுக்கு இன்ட்டோ டெர்ம்மோ வந்தால், தன் குழு முழுவதற்கும் டெர்ம் அனுப்பிவிட்டுத் தானும் போகும். உள்ளே உள்ள குட்டி ட்ராப் எதற்கு என்றால், தான் அனுப்பிய டெர்ம் தனக்கே திரும்பி வரும்போது மறுபடி இதே வரியில் சிக்கிச் சுற்றாமல் இருக்க. இப்போது கன்ட்ரோல் சி அழுத்தினால் பைத்தான்கள் நான்கும் நிற்கும். ஸ்கிரிப்டின் கடைசியில் வெயிட் என்ற கட்டளையில் காத்திருந்தால் இது உடனே நடக்கும்; & போடாமல் ஒரு நீண்ட கட்டளையை முன்னணியில் ஓட்டிக்கொண்டிருந்தால், அது முடிந்த பிறகுதான் ட்ராப் ஓடும். யாராவது ஸ்கிரிப்டுக்கு நேராக 9 கொடுத்தால் இந்த வரி ஓடவே ஓடாது. அப்போது மறுபடி பிஎஸ், பிஜிஐடி பத்தி, கில் -- -4310.